தையில் கிளம்ப வேண்டிய வத்தை: ஒரு குடும்பத்தின் 94 நாள் தாமதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையிலுள்ள ஒரு கரையூரிலிருந்து, ஜனவரி 24, தை 11 அன்று விடியலில் ஒரு வத்தை, அதாவது பாய் கட்டிய மரப்படகு, பாம்பனுக்குக் கிளம்புவதாக இருந்தது. கிளம்பியது ஏப்ரல் 28, சித்திரை 15. இடையில் 94 நாள்கள். வத்தை என் மாமனாருடையது. போக இருந்தது என் மனைவியின் குடும்பம். தாமதத்தின் எல்லாக் கட்டங்களிலும் நான் கூட இருந்தேன். சில கட்டங்களில் கோபப்பட்டும் இருக்கிறேன்.

பயணம் முடிந்து திரும்பியபோது ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. அந்த 94 நாளில் எது நல்லது, அது எப்படி நல்லதாயிற்று, எதை நல்லது என்று சொல்லவே கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கரையில் பழைய மர வத்தைகளை வைத்துக்கொண்டு, ஒரு நாள் மறுபடியும் பாய் கட்டுவோம் என்று நினைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பயணம் எதற்காக

மாமனாருக்கு 74 வயது. அவருடைய அக்காவுக்கு 80. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு அடுத்த தையில், அக்கா பாம்பனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அப்போது தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது; அது திறக்கப்பட்டது 1988இல்தான். எங்கள் ஊருக்கு நல்ல சாலையும் கிடையாது. பெண்ணையும் சீர்வரிசையையும் வத்தையில் ஏற்றித்தான் அனுப்பினார்கள். 14 வயதுப் பையனாக என் மாமனார் அதன் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்து போயிருக்கிறார். அக்காவை ஒருமுறையாவது மறுபடியும் பாய் விரித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பஸ்ஸில் போனால் அரை நாள் வேலை. அதைச் சொன்னால் அவர் பதில் சொல்ல மாட்டார்.

கரையோரமாகப் பாம்பன் வடகரை வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முழுக்கப் பாக் ஜலசந்திப் பக்கம். பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை. இந்த வடகடலைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவான தென்கடலை ஆண்கடல் என்றும் ராமநாதபுரத்துக்காரர்கள் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியானது. ஆனால் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றுக் காலத்தில் இந்தப் பெண்கடல்தான் கொந்தளிக்கும். அப்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ்.

மைத்துனன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறான். 45 நாள் விடுப்பில் ஜனவரி 5 அன்று வந்தான். அவனுடைய விடுப்பை வைத்துத்தான் தை 11 என்று நாள் குறித்தோம். காற்றைப் பார்த்து நாள் குறிக்கவில்லை. வந்த மூன்றாம் நாளே காடாத் துணி வாங்கி, வாசலில் தையல் மெஷினைப் போட்டு, பத்து இரவுகளில் முழுப் பாயையும் அவனே தைத்து முடித்தான். என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வர இருந்ததால் அவள் வருவதில்லை என்று முடிவாகியிருந்தது. அவள் அழுதாள். நான்தான் மறுத்தேன்.

பன்னிரண்டு வாளி

வத்தை நான்கு வருடமாகக் கரையில் ஓலைக் கொட்டகைக்குள் கிடந்தது. அப்படிக் காய்ந்த மரப் படகில் பலகைகள் சுருங்கியிருக்கும். பலகை இடுக்குகளில் அடைத்த கலப்பத்துப் பஞ்சு தளர்ந்திருக்கும். தண்ணீரில் இறக்கியதும் எல்லா இடுக்கிலும் கசியும். ஓரிரு நாளில் மரம் ஊறிப் பருத்து, கசிவு தானே அடைபடும். இது கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஜனவரி 22 அன்று இறக்கி, இரண்டு நாள் ஊறவிட்டு, 24ஆம் தேதி கிளம்பத் திட்டம்.

23ஆம் தேதி மதியம், கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவித்தது. பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது என்று பொருள். ஆபத்து நம் துறைமுகத்துக்கு என்பதில்லை. மாமனார் அதைத்தான் சொல்லி வாதாடினார். "மாப்பிள்ளை, ஒன்றாம் கூண்டுக்கெல்லாம் நாங்கள் அடுப்பைக் கூட அணைத்ததில்லை" என்றார். மைத்துனன் ஒன்றும் பேசாமல் விடுப்பு நாள்களை எண்ணிக்கொண்டிருந்தான். மாமியார்தான் முடித்து வைத்தார்: "நான் ஏறப் போவதில்லை."

வத்தை முழங்கால் ஆழத் தண்ணீரில் கட்டிக் கிடந்தது. தினமும் காலையில் மைத்துனன் போய் உள்ளே தேங்கிய தண்ணீரை வாளியால் இறைப்பான். அவனுக்குத் தேநீர் கொண்டுபோகும் மாமியார் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஐந்தாம் நாள் காலை திரும்பி வந்து மாமனாரிடம் சொன்னார்: "முதல் நாள் நாற்பது வாளி. அடுத்த நாள் இருபத்தைந்து. அப்புறம் பன்னிரண்டு. அதற்கு மறுநாளும் பன்னிரண்டு. இன்றைக்கும் பன்னிரண்டு. ஊறுகிற மரம் என்றால் குறைய வேண்டாமா?"

இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். காய்ந்த படகின் கசிவும் கெட்ட பலகையின் கசிவும் முதல் இரண்டு நாள் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் பிரியும்: ஒன்று வற்றும், மற்றது வற்றாது. 24ஆம் தேதி நாங்கள் கிளம்பியிருந்தால், நாற்பதிலிருந்து இருபத்தைந்துக்குக் குறைந்ததைப் பார்த்து மகிழ்ச்சியோடுதான் கிளம்பியிருப்போம். அன்று அது நியாயமான மகிழ்ச்சியும் கூட. பலகையைப் பற்றிய உண்மை, எங்கள் திட்டத்தில் இல்லாத நாள்களுக்குள் இருந்தது.

மாமியார் வள்ளத் தொழில் படித்தவர் அல்லர். எண்ணிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த ஐந்து நாளும் நானும் கரைக்குப் போனேன். வானத்தையும் கைபேசியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடாவிக்காகக் காத்திருந்தது

வத்தையை மறுபடி கரையேற்றினோம். மர வத்தை செய்யும் ஓடாவிகள் இப்போது அரிது. தமிழகக் கரை முழுவதும் ஃபைபர் படகு வந்த பிறகு, குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு, மர வேலை குறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கேட்டுக் கேட்டு ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். அவரும் உடம்பு சரியில்லாமல் இருந்தார். பிப்ரவரி 8 அன்றுதான் வந்தார்.

வந்தவர் கருவி எதையும் எடுக்கவில்லை. சின்ன மரச் சுத்தியால் அடிப்பலகைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். 'டக் டக்' என்று வந்த ஒலி, படகின் அடிநடுக் கட்டையான ஏராக்கட்டையை ஒட்டிய வலப்பக்கப் பலகையில், பாய்மரம் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, பொத்தென்று மாறியது. உளியின் முனையை வைத்து அழுத்தினார். ஒரு விரல் ஆழம் உள்ளே போயிற்று. வெளியே அந்தப் பலகையில் ஊசிக்குத்துப் போன்ற நாலைந்து துளைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெட்டி எடுத்தபோது உள்ளே தேன்கூடு.

கடற்புழு என்று நாம் சொல்லும் இந்த உயிர் உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மரத்தில் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, நீளவாக்கில் குடைந்துகொண்டே போகும். நுழைந்த வாசல் கடைசிவரை ஊசி முனையளவாகவே இருக்கும். படகைக் கரையேற்றிக் காயப்போட்டால் புழு செத்துவிடும். குடைந்த குழி அப்படியே இருக்கும். நான்கு வருடம் நாங்கள் மரியாதையோடு ஓலை வேய்ந்து காத்தது அந்தக் குழிகளையும் சேர்த்துத்தான்.

பாய் காற்றை வாங்கும்போது பாய்மரத்தின் முழு இழுப்பும் இறங்குவது அந்த இடத்தில்தான். வழியில் உடைந்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை அடித்துச் சொல்லவும் மாட்டேன். உளி உள்ளே போனதைப் பார்த்தேன். என் மாமியாருக்கு நீந்தத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆயினி மரப் பலகை வர ஒரு வாரம். பழைய பலகையைக் கழற்றி, பலகைகளை உள்ளிருந்து விலா எலும்புபோல் தாங்கும் வங்குக்காலில் இரண்டைப் புதுப்பித்து, புதுப் பலகை பொருத்தி, பஞ்சு அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, மேலே முந்திரி ஓட்டு எண்ணெய் அடித்து முடித்தபோது பிப்ரவரி 25. செலவு 38,000 ரூபாய். பயணத்துக்கென்று ஒதுக்கியிருந்ததைப் போல இரண்டரை மடங்கு. அதில் பாதியை மைத்துனன் கொடுத்தான்.

மைத்துனன் 19ஆம் தேதியே கிளம்பிவிட்டான். ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் என்னிடம், "அத்தான், பாயைச் சுருட்டும்போது ஈரத்தோடு சுருட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னான்.

தாத்தாவின் கண், பேத்தியின் நோட்டு

ஓடாவிக்குக் காத்திருந்த நாள்களில் மாமனாருக்குச் செய்ய வேலை இல்லை. மாலையில் பேத்தியை அரை மணி நேரம் கரைக்கு அழைத்துப் போவார். படித்துக் களைத்த பிள்ளைக்குக் காற்று வாங்கட்டும் என்று நானும் விட்டேன். அங்கே அவர் நடத்தியது ஒரு பள்ளிக்கூடம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தால் பார்ப்பது, நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வலை மிதவையின் சாய்வைக் கொண்டு சொல்வது, ஏற்றம் வற்றம் பிறையோடு எப்படி நாளுக்கு நாள் தள்ளிப் போகிறது, கரையில் முன்னால் ஒரு பனங்கூட்டத்தையும் பின்னால் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இருக்கும் இடத்தை எப்படி அறிவது. இருட்டிய பிறகு ஆறாமீன் என்னும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்.

அவள் ஒரு பழைய புவியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். தேதி, காலை ஆறு மணிக்குக் காற்று, மாலை ஆறு மணிக்குக் காற்று, வேகம் என்ற இடத்தில் 'ஓலை அசைகிறது', 'மணல் பறக்கிறது' என்பது போன்ற குறிப்பு. பாம்பன் கடல் ஓசை வானொலியில் காற்றின் வேகம் சொன்னால் அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்வாள். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இதில் நேரம் போக்குகிறாளே என்று நான் ஒரு முறை நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் பதிவு அதனால் விடுபட்டுப் போயிற்று. அந்த இரண்டு வெற்று வரிகளை இப்போது பார்த்தாலும் வருத்தமாக இருக்கிறது.

மார்ச் முதல் வாரத்தில் அந்த நோட்டில் காற்றோடு சம்பந்தமில்லாத ஒரு வரி இருந்தது: 'தேவிபட்டினம் பக்கம் ஒரு விளக்குதான் எரிகிறது. தாத்தா இரண்டு என்கிறார். நேற்றும் இரண்டு என்றார்.'

மதுரைக்கு அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை, வலக்கண்ணில் முற்றியது. கடலில் வாழ்நாள் முழுதும் வெயிலைப் பார்த்த கண்கள். வீட்டுக்குள் நடப்பதற்கு அந்தப் பார்வை போதுமாக இருந்ததால் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. மார்ச் இரண்டாம் வாரம் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை. ஒரு மாதம் தூசி, உப்புத் தண்ணீர், குனிந்து பளு தூக்குவது எதுவும் கூடாது. வத்தை தயாராகி நிற்கிறது. அதை ஓட்ட வேண்டிய தண்டல் கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் பேச்சு வராத நாள்கள் அவை. மாமனார் ஒரே ஒரு முறை மனம் விட்டுச் சொன்னார்: "அக்கா இருக்கும்போதே போக வேண்டும்." அதற்கு எங்களிடம் பதில் இல்லை. தாமதத்தில் நல்லதைத் தேடும் எவரும் இந்தப் பயத்தைத் தாண்டித்தான் தேட வேண்டியிருக்கிறது. 80 வயதுக்காரருக்குத் தொண்ணூறு நாள் என்பது நமக்கு இருக்கும் தொண்ணூறு நாள் அல்ல.

போகவும் வரவும் காற்று

ஏப்ரல் நடுவில் தேர்வு முடிந்தது. மகள் நோட்டைக் கொண்டுவந்து தாத்தாவின் முன்னால் விரித்தாள். அறுபதுக்கும் மேற்பட்ட நாள்களின் பதிவு. தை மாசியில் காலையும் மாலையும் ஒரே வாடை. பங்குனியில் அது உடைந்துபோய், விடியலில் மேற்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று, பத்து மணிவாக்கில் அமைதி, மதியத்துக்கு மேல் கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து கடற்காற்று என்று மாறியிருந்தது. கிட்டத்தட்ட எல்லா நாளும் அப்படி.

தையில் நாங்கள் போட்டிருந்த திட்டத்தின் குறை அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடையில் எங்கள் ஊரிலிருந்து தேவிபட்டினத்துக்குத் தெற்கே இறங்குவது எளிது. காற்று முதுகில் இருக்கும். அங்கிருந்து பாம்பனுக்குத் தென்கிழக்காகப் போவதும் சிரமப்பட்டு முடியும். திரும்பி வர முடியாது. வடக்கே ஏற வேண்டிய பாய்க்கு வடகிழக்குக் காற்று நேர் எதிர். துணைக்கு வரும் ஃபைபர் படகு கட்டி இழுத்து வந்துவிடும் என்று விட்டிருந்தோம். மாமனாருக்கு இது தெரியாமலில்லை. "அந்தக் காலத்தில் வாடையில் போவோம், சோழகத்தில் திரும்புவோம். நடுவில் இரண்டு மாதம் அங்கேயே தொழில்" என்றார். சோழகம் என்பது தென்காற்று. விடுப்பு எண்ணிக்கொண்டிருந்த நாங்கள்தான் அவரை அந்த வழியில் யோசிக்க விடவில்லை.

இப்போதோ, விடியற்காலைக் கரைக்காற்றில் தெற்கே போகலாம். பிற்பகல் கடற்காற்றில் வடக்கே திரும்பலாம். இரண்டும் பாய்க்குப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் வரும். ஆனால் கரைக்காற்று ஐந்து மணி நேரம்தான் நிற்கும். ஆகவே ஒரே மூச்சில் ஓட முடியாது: முதல் நாள் தேவிபட்டினம், இரண்டாம் நாள் வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரை, மூன்றாம் நாள் பாம்பன். ஒரு நாள் பயணம் மூன்று நாளாயிற்று. மாமனார் நோட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் அப்பாவும் இப்படித்தான் போவார்" என்றார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் முதன்முதலாகப் படித்த எழுத்து அதுதான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. இருட்டில் விளக்கு மங்கிய ஒரு வத்தைக்கு மிகப் பெரிய அபாயம் வேகமாக வரும் விசைப்படகுதான். அந்த இரண்டு மாதம் கடலில் அவை இல்லை.

ஏப்ரல் 25ஆம் தேதி கிளம்ப இருந்தோம். அதற்கு முந்தைய நாள் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் வீசிய காற்று எழுப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையில் ஏறுவதைக் கள்ளக்கடல் என்கிறோம். அதன் உக்கிரம் தென்கடலில்தான்; வடகடலை ராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும் மறைத்துக் காக்கின்றன. தையில் ஒன்றாம் கூண்டுக்கு வாதாடிய மாமனார், இம்முறை வாயே திறக்கவில்லை. பாயை மறுபடி வெயிலில் உலர்த்தினார். மூன்று நாள் கழித்துக் கிளம்பினோம்.

நல்லது எது, இல்லாதது எது

ஊரார் சொல்லும் 'எல்லாம் நல்லதுக்கு' என்பதில், வானிலை அறிவிப்பு முதல் கள்ளக்கடல் வரை எல்லாவற்றையும் ஒரே கை கோத்துக் கொடுத்ததுபோல் ஒரு தோற்றம் இருக்கிறது. மாமியாரும் அப்படித்தான் நம்புகிறார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதையும் செலுத்திவிட்டார். அவர் நம்பிக்கையை நான் தொடவில்லை. ஆனால் அடுத்த வத்தைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியது வேறு.

பலகை கெட்டிருந்தது தெரிய வந்தது வெறுமனே காத்திருந்ததால் அல்ல. காத்திருந்தபோது ஒருவர் வாளியை எண்ணினார், அதனால் தெரிந்தது. அதே ஐந்து நாளும் அதே கரையில் நின்ற எனக்குத் தெரியவில்லையே. கண்ணில் புரை இருந்ததும் அப்படியே. மாமனார் திண்ணையிலேயே உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வெளிப்பட்டிருக்காது. கற்றுக்கொடுக்கப் போனதால்தான், கற்றுக்கொண்டவள் பிழையைக் கண்டாள். காற்றின் கணக்கும் தினமும் எழுதியதால் கிடைத்தது. இந்த மூன்றையும் தாமதத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமியார், மகள், மாமனார் ஆகிய மூவருடைய கணக்கில் எழுதுகிறேன். கிளம்ப முடியாத நாளில் அவர்கள் வத்தையை விட்டு விலகிப் போகவில்லை.

தடைக்காலமும் தேர்வு முடிந்ததும் வேறு வகை. அவை யாரும் செய்ததல்ல, தேதி நகர்ந்ததால் தானாக விழுந்தவை. அவற்றுக்காக மகிழலாம். அடுத்த முறைக்கு இவற்றிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுதான்: நாளைக் குறிக்கும்போதே காற்றையும் தடைக்காலத்தையும் பார்த்திருக்கலாம்.

மைத்துனன் வர முடியாமல் போனது இழப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'அவன் வந்திருந்தால் பாரம் கூடியிருக்கும்' என்று உறவினர் ஒருவர் சொன்னார். அப்படிச் சொல்லாதீர்கள் என்று அவரிடம் நேராகவே கேட்டுக்கொண்டேன். அவன் பிடிக்க வேண்டிய, பாயை இழுத்துக் கட்டுப்படுத்தும் தாமான் கயிறு என் மனைவியின் கைக்கு வந்தது. கடலோரத்தில் பிறந்து, பெண் என்பதால் ஒருநாளும் பாயைத் தொட அனுமதிக்கப்படாதவள் அவள். ஒரே நாளில் உள்ளங்கை கன்றிப்போனாலும் கயிற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. அவளுடைய மகிழ்ச்சி உண்மை. தம்பி இல்லாததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியவில்லை. இரண்டும் தனித்தனி வரியாக நிற்கின்றன.

பணமும் இழப்புத்தான். ஆனால் அந்தப் பலகைக்கு எப்போதாவது கொடுத்தாக வேண்டிய பணம் அது.

சித்திரை 15 முதல்

கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் உயிர்காக்கும் சட்டை மாட்டி, சின்ன மாமனாரின் மகன் ஃபைபர் படகில் பின்தொடர, அதிகாலை நான்கு மணிக்குத் தேங்காய் உடைத்துப் பாய் விரித்தோம். காற்று பாயில் நிறைந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. வத்தை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நகர்ந்தது. மாமனார் கீழே குனிந்து புதுப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

சுக்கானை முதல் ஒரு மணி நேரம் அவர் பிடித்தார். விடிந்ததும் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, முன்னால் போய் அணியத்தில் உட்கார்ந்துகொண்டார். அறுவை செய்த கண்ணால் கரையைப் பார்த்து ஒவ்வோர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆழம் குறைந்த இடங்களில் கடற்புல் கைக்கெட்டும் தூரத்தில் அசைந்தது. ஒன்பது மணிக்குத் தேவிபட்டினம்.

இரண்டாம் நாள் ஆற்றங்கரை. அங்கே இரவு தங்கியதில் என் மகளுக்குத்தான் பெரிய மகிழ்ச்சி. பக்கத்து அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய நாணயங்களும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்ததை அவள் பாடத்தில் படித்திருந்தாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தக் கப்பல்காரர்களும் இதே கழிமுகத்தில்தான் காற்றுக்குக் காத்திருந்திருப்பார்களா என்று தாத்தாவைக் கேட்டாள். "வேறு எங்கே காத்திருப்பார்கள்?" என்றார் அவர்.

மூன்றாம் நாள் கரைக்காற்று சற்று முன்னதாகவே விழுந்துவிட்டது. கடைசி ஒரு கிலோமீட்டர் கழி ஊன்றித்தான் போனோம். பாம்பன் வடகரையில் மாமனாரின் அக்காவான பெரியத்தையை நாற்காலியோடு தூக்கி வந்து மணலில் உட்கார வைத்திருந்தார்கள். தையில் அவர் தானாக நடந்து வருவதாக இருந்தது. மாசியில் முழங்கால் விட்டுவிட்டது. மாமனார் தண்ணீரில் இறங்கி நடந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தார். இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பெரியத்தை வத்தையைப் பார்த்தபடி கேட்டார்:

"ஆற்றங்கரையில் எத்தனை நாள் கிடந்தீர்கள்?"

"ஒரு ராத்திரிதான் அக்கா."

"நாங்கள் மூன்று நாள் கிடந்தோம். காற்றே இல்லை. நீ நண்டு பிடிக்கப் போய்விட்டாய், உனக்கு நினைவிருக்காது. நான் வீட்டை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். இரண்டாம் நாள்தான் உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கேதான் முதன்முதலாகப் பேசினார்."

என் மாமனார் 14 வயதில் அந்த வத்தையில் இருந்தவர். இதை அன்றுதான் கேள்விப்பட்டார்.